மீன் ஏறாத வண்டி

“வண்டிய நீங்களே எடுத்துக்குங்க. என் சர்டிபிகேட்டக் குடுங்க.”

எதைக் கேட்கவே கூடாது என்று வீட்டில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்களோ, அதை ஆதிலட்சுமி ஷெட்டுக்குள் நுழைந்த வேகத்திலேயே கேட்டுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாரம் பேட்டையில் நாலைந்து கார்களை வைத்துக்கொண்டு லீசுக்கு விடுகிற கோவிந்தராசு, மர நாற்காலியில் சாய்ந்து ஒரு பழைய கார்ச் சாவியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்த கை அப்படியே நின்றது.

“என்னா?”

“எங்கண்ணன் லீசுக்கு எடுத்த அம்பாசிடரத் திருப்பிக் குடுத்துடறோம். இன்னைய வரைக்கும் உங்களுக்குப் பாக்கி எதுவும் கிடையாது. ஜாமீனா வாங்கி வெச்சிருக்கீங்களே என் டிகிரி சர்டிபிகேட்டு, அத எடுத்துக் குடுங்க. மாஹேவுல வேல கெடச்சிருக்கு.”

கோவிந்தராசு சாவியை வெளியே எடுத்தார். நுனியைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். அவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் நிதானம் வரும்.

“உங்கண்ணன் அனுப்பினானா?”

“இல்ல. நானாத்தான் வந்தேன்.”

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வண்டியத் திருப்பிக் குடுக்க நீ யாரும்மா?”

“கையெழுத்துப் போட்டவ.”

அது உண்மைதான். வைத்திக்குப்பத்தில் மீன்பிடித்துப் பிழைக்கிற அவள் வீட்டில் கடலை விட்டு ரோட்டுக்கு வர ஆசைப்பட்ட முதல் ஆள் தேவதாஸ். காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவன் தங்கை ஆதிலட்சுமி. போன ஆடியில் அண்ணன் டாக்சி ஓட்டக் கார் எடுத்தபோது, ஜாமீன் வைக்க அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. குடிசை நிற்கிற மனைக்குப் பட்டா அப்போது வரவில்லை; போன மாதம்தான் அம்மா பேருக்கு வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீசில் பியூனாக இருந்தவர் கோவிந்தராசு. முத்திரை குத்தாத எதையும் அவர் நம்பமாட்டார். வீட்டில் முத்திரை குத்திய காகிதம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஆதிலட்சுமியின் பி.ஏ. பட்டம். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை அவளுக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது. மாஹேவில் சர்க்கார் ஆபீசில் கிளார்க். அசல் சர்டிபிகேட்டுடன் வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. இன்றைக்குப் புதன். நாளைக் காலையில் கிளம்பினால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

“இன்னைக்குக் கேக்கறேன், நாளைக்குக் கேக்கறேன்” என்று சனிக்கிழமையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான் தேவதாஸ். கேட்கவில்லை. “நீ போய்ப் பேசித் தொலைக்காத, அவரு வாய்க்கு நீ ஆள் இல்ல” என்று அம்மா வேறு. நேற்று ராத்திரி பாயில் படுத்தபடி ஆதிலட்சுமி கூரையைப் பார்த்து முடிவு செய்தாள். இவர்களை நம்பினால் மாஹேவுக்கு அடுத்த பிறவியில்தான் போகமுடியும்.

“மூணு வருஷம்னு எழுதியிருக்கு,” என்றார் கோவிந்தராசு. “இன்னும் ஒரு வருஷமே முடியல. பி.ஏ. படிச்ச பொண்ணு, படிச்சுப் பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்ட?”

“படிச்சுத்தான் போட்டேன். அதனாலதான் கேக்கறேன். நடுவுல முடிச்சுக்கறதுக்கு என்னா வழியோ சொல்லுங்க.”

“வழி இல்ல.”

“கல்யாணத்தையே முறிச்சுக்கறாங்க. காருக்கு வழி இல்லையா?”

“வாய்!” என்றார். “இந்த வாயத் தூக்கிக்கிட்டு மாஹேவுக்குப் போறியா? மலையாளத்தான் ஊரு. வயசுப் பொண்ணு தனியா! நீ அங்க போய்ட்டா உங்கண்ணன் என் வண்டியோட மெட்ராசுக்கு ஓடிடுவான். ஜாமீன்னா காகிதம் கையில இருக்கணும், ஆளு கண்ணுல படணும். உன் சர்டிபிகேட்டு பத்திரமாத்தான் இருக்கு. பீரோவுல, என் பொண்ணு நகையோட வெச்சிருக்கேன். அவ்வளவு மரியாத குடுத்திருக்கேன்.”

“நகையோட வெக்கறதுக்கு நான் படிக்கலிங்க.”

“பின்ன என்னத்துக்குப் படிச்ச?”

அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அசிங்கமாகத்தான் சொல்லியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“போய் உங்கண்ணங்கிட்ட சொல்லு,” கோவிந்தராசு மறுபடியும் சாவியைக் காதுக்குள் விட்டார். “என் பொண்ணு சாந்தியப் பாக்க விழுப்புரத்துலேர்ந்து மாப்பிள வீட்டுக்காரங்க வர்றாங்க. சாயந்திரம் வண்டி இங்க நிக்கணும், ரயிலடிக்குப் போய் அழைச்சுக்கிட்டு வரணும். என் வீட்டு விசேஷத்துக்கு வண்டி எனக்குத்தான், அதுவும் எழுதியிருக்கு. சீட்டு கவரத் தோச்சுப் போடச் சொல்லு. மொத நாளு சொன்னதுதான் இன்னைக்கும். வண்டியில மீன் ஏறுச்சுன்னு தெரிஞ்சுது, அந்த நிமிஷமே பிடுங்கிடுவேன். லீசும் கிடையாது, கீசும் கிடையாது.”

ஆதிலட்சுமி திரும்பி நடந்தாள். காது அடைத்துப்போயிருந்தது. கடைசியாக அவர் சொன்னதை அவள் கேட்டாள்தான். ஆனால் அது உள்ளே போகவில்லை.

*

வெயிலில் ரயிலடியை நோக்கி நடக்க நடக்க, கோபம் கோவிந்தராசுவை விட்டு அண்ணன் மேல் தாவியது.

எல்லாம் அவன் செய்த கூத்து. குப்பத்தில் கட்டுமரத்தைப் பங்குக்கு எடுத்தால் அதற்கு ஒரு முறை உண்டு. கடலுக்குப் போன நாளைக்குப் பங்கு. புயலோ, மாசி மகமோ, ஊரில் சாவோ, மரம் மணலில் கிடந்தால் பங்கு கிடையாது. வேண்டாம் என்றால் துடுப்பைக் கொண்டுபோய் மரத்துக்காரன் வாசலில் சாத்திவிட்டு வந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் கேட்டவனுக்குத்தான் மரியாதைக் குறைவு. அவள் அப்பா உயிரோடு இருந்தபோது இரண்டு வாசலில் துடுப்பைச் சாத்தியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள்தான் அவர் சாவுக்கு முதலில் வந்து நின்றார்கள்.

காரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான் தேவதாஸ். அவள் அக்ரிமென்டைப் படித்துத்தான் சொன்னாள். “அண்ணே, வண்டி ஓடினாலும் ஓடலன்னாலும் வாடகை குடுக்கணுமாம்.” விழுந்து விழுந்து சிரித்தான். “கரையில கெடக்கற மரத்துக்கு எவன்டி பங்கு கேப்பான்? சும்மா பயமுறுத்த எழுதியிருப்பாங்க, போடு கையெழுத்த.” அவன் சிரித்த சிரிப்பில் அவளும் போட்டுத் தொலைத்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வண்டி நின்றது. வாடகை நிற்கவில்லை.

அதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அம்மா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வண்டி வந்த அன்றைக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் பீச் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான் தேவதாஸ். மீன் விற்றுவிட்டு வந்த சேலையோடு அம்மா உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் கோவிந்தராசு மோப்பம் பிடித்து, பினாயில் போட்டு மூன்று தரம் கழுவ வைத்தார். அன்றோடு சரி. மகன் காரில் போவான், அம்மா தலையில் கூடையோடு ஓரமாக நடப்பாள். அவன் ஹாரன் அடிப்பான். அவள் தலையை ஆட்டமுடியாது, கூடை இருக்கிறதே. கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள்.

ரயிலடி ஸ்டாண்டில் வேப்பமரத்து நிழலில் கார் நின்றிருந்தது. முன் சீட்டில் கால்களை வெளியே நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான் தேவதாஸ். தும்பைப் பூ மாதிரி சட்டை. பையில் சீப்பு.

“அண்ணே. எழுந்திரு.”

“சவாரியா?” என்று துடித்து எழுந்தவன், அவளைப் பார்த்து மறுபடியும் சாய்ந்தான். “நீயா?”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவதற்கு வாயெடுத்தவளின் கண் ஸ்டீயரிங்குக்குக் கீழே போய் நின்றது.

“பெடலுக்குக் கீழ என்னா மணலு?”

“பீச்சுக்கு ஒரு சவாரி போனேன்.”

“பீச்சுக்குப் போற சவாரி பின்னாடி உக்காரும். முன்னாடி எப்பிடி மணலு வந்துச்சு?”

“சும்மா போலீஸ்காரி மாதிரி...”

“கையக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுண்ணே.”

காட்டவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்கும் சிவப்புக் கோடுகள். ஸ்டீயரிங் பிடித்த கையில் அப்படி விழாது. வலைக்கயிறு அறுத்தால்தான் விழும். தலைமுடியை முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

“யாரு மரத்துல போற?”

தேவதாஸ் அக்கம்பக்கம் பார்த்தான். “மெதுவா பேசு. அம்மாவாசை அண்ணன் மரத்துல. விடியறதுக்குள்ள கரைக்கு வந்துடறேன்.”

“எப்பலேர்ந்து?”

“மழைக்காலத்துலேர்ந்து. சவாரி எங்க இருக்குது ஆதி? வாடகை நிக்குதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. “கடல விடணும்னு கார் எடுத்த. இப்ப காருக்காகக் கடலுக்குப் போற. மனுஷனா நீ?”

“கத்தாதன்னு சொல்றேன்ல? இந்த ஸ்டாண்டுல என்ன டிரைவர் சார்ங்கறாங்க.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? அம்மா கூடையில இருக்கற மீனு யாரு பிடிச்சதுன்னு நெனச்ச?”

ஆக, அண்ணன் பிடிக்கிறான், அம்மா விற்கிறாள், கோவிந்தராசு வாடகையாக வாங்கிக்கொள்கிறார். நடுவில் மீன் படாத ஒரு கார் மினுமினுவென்று ஊரைச் சுற்றுகிறது. இத்தனையும் அவள் தலைமாட்டில் நடந்திருக்கிறது. வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறாள் என்று பேர்.

“நான் கோவிந்தராசு கிட்ட போய் வந்தேன்,” என்றாள்.

தேவதாசின் முகம் வெளுத்தது. “ஐயையோ. என்னா கேட்ட?”

“வண்டிய எடுத்துக்குங்க, சர்டிபிகேட்டக் குடுங்கன்னு கேட்டேன்.”

“இன்னைக்கா? அவரு பொண்ணப் பாக்க வர்ற நாளு, இன்னைக்கா போய்க் கேட்ட? உனக்குக் கொஞ்சமாச்சும்... அவரு பாட்டுக்கு வண்டியப் பிடுங்கிட்டாருன்னா?”

“பிடுங்க மாட்டேங்கறாரே! அதான பிரச்சனையே!” என்று கத்தினாள். பக்கத்து டாக்சி டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். “தலைகீழா நின்னாலும் வண்டியப் பிடுங்க மாட்டேங்கறாரு. அவரு வண்டியப் பிடுங்கணும்னா...”

நிறுத்தினாள்.

அடைத்திருந்த காது அப்போதுதான் திறந்தது. வண்டியில மீன் ஏறுச்சுன்னு தெரிஞ்சுது, அந்த நிமிஷமே பிடுங்கிடுவேன். லீசும் கிடையாது, கீசும் கிடையாது.

“அண்ணே,” என்றாள் மெதுவாக. “வண்டிய எடு. குப்பத்துக்குப் போகலாம்.”

*

வைத்திக்குப்பத்து மணலில் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் கார் வந்து நின்றதும், மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னக்கிளிக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

“முத்தம்மா, உன் பிள்ள ரதம் வந்திருக்குது பாரு. உனக்கும் எனக்கும் ரெண்டு காலு, அவனுக்கு நாலு சக்கரம். பெத்தது நீதானாடி?”

“பெத்தேன், பெத்தேன். கம்முனு மீனப் பாரு,” என்றாள் முத்தம்மாள். கூடையில் காரப்பொடி மீனும் கானாங்கெளுத்தியும் மின்னின. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைக்கப்போனாள்.

ஆதிலட்சுமி கூடையைப் பிடித்துக்கொண்டாள். “தலையில வெக்காத. வண்டியில ஏத்து.”

“என்னாடி சொல்ற?”

“பின் சீட்டுல ஏத்து. நீயும் ஏறு.”

“ஆதி, வேணாம்,” தேவதாஸ் இறங்கி ஓடிவந்தான். “சாயந்திரம் பொண்ணு பாக்க ஆளுங்க ஏறப் போற வண்டி!”

“அதனாலதான் இப்பவே போகணும். அவங்க வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடணும். சாந்தி நமக்கு என்னா பண்ணா பாவம்? அவரு கிட்ட இன்னும் ரெண்டு மூணு வண்டி இருக்குது, அதுல போய் அழைச்சுக்கட்டும்.” அம்மா பக்கம் திரும்பினாள். “எம்மா, அவரு வாயால சொன்னாரு. மீன் ஏறுச்சுன்னா அன்னைக்கே லீசு முடிஞ்சுதுன்னு. நாம கேட்டா முடிக்க மாட்டாராம். மீனு கேட்டா முடிப்பாரு.”

முத்தம்மாள் காரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகன் கையைப் பார்த்தாள்.

“நீ அந்த மாஹேவுக்குப் போயே தீரணுமா? கடலு மேற்கால இருக்குதாமே அங்க. மேற்கால கடல வெச்சுக்கிட்டு எப்பிடிடி விடியும்?”

“மலையில விடியும். ஏறும்மா.”

“ஏறிக்க முத்தம்மா,” அன்னக்கிளி கத்தினாள். “நீ ஏறலன்னா நான் ஏறிக்குவேன்.”

அதுதான் வேலை செய்தது. முத்தம்மாள் சேலையை உதறினாள். கூடையைப் பின் சீட்டில் வைத்து, அதை அணைத்தபடி உட்கார்ந்தாள். சீட்டின் வெள்ளைக் கவரில் மீன் தண்ணீர் சொட்டு சொட்டாக இறங்கியது. தேவதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

“மெத்து மெத்துன்னு இருக்குதுடா தேவா,” என்றாள் அம்மா.

வழி முழுக்க அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, தினமும் தான் நடக்கிற தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

கோவிந்தராசு வீட்டு வாசலில் பெரிய கோலம். நிலைப்படியில் மஞ்சள் குங்குமம். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, அவரே வாசலுக்கு வந்தார்.

“சீக்கிரமாவே வந்துட்டியேடா, நல்ல பிள்ள...” என்று ஆரம்பித்தவர், இரண்டு அடி நடந்ததும் நின்றார். மூக்கு முதலில் நின்றது, அப்புறம் ஆள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, “மீன்காரம்மா, என்னா மீனு?” என்று கேட்டுவிட்டாள்.

முத்தம்மாளுக்குக் காலம் காலமாக வந்த பழக்கம். கார் என்ன, கட்டுமரம் என்ன? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

“காரப்பொடி! கானாங்கெளுத்தி! விடியற்காலத்து மீனு, கண்ணு பாரு கண்ணாடி மாதிரி!”

எதிர்வீட்டு அம்மாள் முறத்தோடு வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அம்பாசிடர் ஜன்னல் வழியாகக் கூறு கைமாறியது. பேரம் நடந்தது. “கூட ரெண்டு போடு.” “போட்டா வண்டிக்கு யாரு வாடகை குடுப்பா?” ஒரு கானாங்கெளுத்தி வழுக்கிக் கோலத்தின் நடுவில் விழுந்தது.

“ஏய்!” என்று அலறினார் கோவிந்தராசு. “என் வண்டியில... என் வாசல்ல... பிடுங்கறேன்! மொத நாளே சொன்னேன்ல? எடு சாவிய! முடிஞ்சுது லீசு!”

ஆதிலட்சுமி முன் கதவைத் திறந்து இறங்கினாள். “சரிங்க. நீங்க சொன்னபடியே முடிஞ்சுது. என் சர்டிபிகேட்டு?”

காலையில் ஷெட்டில் சொன்னது இப்போதுதான் திரும்பிவந்து கோவிந்தராசுவின் காதைக் குடைந்தது.

“நாடகமா ஆடற?”

“ஆமா. நேரா கேட்டேன், வழி இல்லன்னீங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி பார்வதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தக் காகிதம். “மொதல்ல இதக் குடுத்து இவங்கள அனுப்புங்க! ரயில் வர்ற நேரம்! பொண்ணு பாக்க வர்றவன் வாசல்ல மீன் சந்தையப் பாத்தா திரும்பிப் போய்டுவான்!” அவர் கை நீளும்வரை காத்திராமல் அவளே ஆதிலட்சுமியிடம் நீட்டினாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பூ வைத்த ஒரு தலை தெரிந்தது. சாந்தி. அவள் பயந்த மாதிரி தெரியவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

காகிதம் ஆதிலட்சுமியின் கைக்கு வந்தது. பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோவிந்தராசு காருக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டு கவர் ஊறியிருந்தது. கவருக்கு அடியில் தேங்காய்நாரும் ஊறியிருக்கும். தெருவே பார்த்துவிட்டது. மீன் விற்ற கார் என்று நாளைக்குச் சாரம் முழுக்கப் பேச்சாகிவிடும். இனி இதை எவன் லீசுக்கு எடுப்பான்? அவர் முகத்தில் கோபம் இறங்கி, பழைய நிதானம் ஏறியது. சத்தம் போட்டபோது வராத பயம் அந்த முகத்தைப் பார்த்ததும் ஆதிலட்சுமிக்கு வந்தது.

“தேவதாசு,” என்றார், காரை விட்டு இறங்கி நின்றவன் தோளில் கை போட்டு. “நீ நல்ல பையன்டா. இதெல்லாம் உன் புத்தி இல்ல, எனக்குத் தெரியும். உன் தங்கச்சி போகட்டும், வேலைக்குப் போகட்டும், காகிதத்தக் குடுத்தாச்சு. வண்டிய நீ ஏன் விடற? ஸ்டாண்டுல உன்ன எப்பிடிக் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியாதா? இனிமே மழையில வண்டி நின்னா வாடகை வேணாம். மீனும் ஏத்திக்க, உங்கம்மா ஜம்முனு உக்காந்து போகட்டும். போன மாசம் அவங்க பேருல பட்டா வந்துச்சாமே? அத ஜாமீனா வெச்சுடு. புதுசா மூணு வருஷத்துக்கு எழுதிக்கலாம்.”

தேவதாஸ் வண்டியின் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் பட்டு அது பளபளத்தது.

“அண்ணே,” என்றாள் ஆதிலட்சுமி. “மழையில வாடகை வேணாங்கறது வாய்ப்பேச்சு. பட்டா மட்டும்தான் காகிதம்.”

அவன் நிமிரவில்லை.

“எம்மா, நீ சொல்லேன்.”

முத்தம்மாளின் ஒரு கை கூடையில் இருந்தது. இன்னொரு கை சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது. “இனிமே நான் நடக்க வேணாமாடி?” என்று கேட்டாள். மகளைக் கேட்டாளா, கோவிந்தராசுவைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

அந்த ஒரு கேள்வியில் ஆதிலட்சுமியின் கோபத்துக்கெல்லாம் கால் ஒடிந்தது. அம்மாவை இந்த வண்டியில் ஏற்றியதே அவள்தான்.

இரண்டு பேரையும் பார்த்தாள். நாளைக்கும் இப்படித்தான் நிற்பார்கள், அடுத்த வாரமும் இப்படித்தான். ஒருவர் பானெட்டைப் பார்ப்பார், ஒருவர் சீட்டைத் தடவுவார். நடுவில் நின்று கத்திக் கத்தி இவள் கிழவியாவாள்.

முன் கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள். கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய், மஞ்சள் பூசிய நிலைப்படியில், கதவுச் சட்டத்தோடு ஒட்டி அதைச் சாத்திவைத்தாள். அப்பா துடுப்பைச் சாத்துவாரே, அதே மாதிரி.

“என் கையெழுத்துக்கு இத்தோட சரி,” என்றாள். “எடுக்கறவங்க அவங்க கையெழுத்தப் போட்டு எடுத்துக்கட்டும். நான் விடியற்காலத்து பஸ்ஸுக்குப் போறேன். அண்ணே, வழியனுப்ப வர்றதா இருந்தா நடந்து வா.”

சர்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். முறத்தோடு நின்ற எதிர்வீட்டு அம்மாள் வழிவிட்டாள். யாரோ, “மீன்காரம்மா பொண்ணா இது?” என்றார்கள். “ஆமா,” என்று நிற்காமலே சொன்னாள்.

தெருமுனை வந்தபோது பின்னால் கார்க் கதவு சத்தம் கேட்டது. இறங்குகிற சத்தமா, ஏறுகிற சத்தமா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.